பார்த்தால் மட்டும் அடிக்கும் மணி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். புரை எடுத்த என் வலது கண்மேல் ஆணை. இன்னும் எடுக்காத இடது கண்மேலும் ஆணை. நான் கதை அளப்பவன் என்று எங்கள் தெருவில் நாலு பேர் சொல்லக்கூடும். அந்த நாலு பேரையும் எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் பேச்சை நம்புவதும் நம்பாததும் உங்கள் தலையெழுத்து.

துப்பறிபவள் என் மருமகள். நான் அவளுக்கு உதவியாள். மாமனாரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் மருமகள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். எனக்கு வேலை இரண்டு. அவள் பையைத் தூக்க வேண்டும். அவள் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். முதல் வேலையில் எனக்கு நல்ல பெயர்.

அன்று காலை எங்களைக் கூப்பிட்டவர் லிஃப்ட் கம்பெனி முதலாளி. ஊரில் பாதிக் கட்டடங்களில் ஏறி இறங்குவது அவருடைய லிஃப்ட்டுகள்தான். எது நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டியவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும். செய்தி அவருடைய அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வரும். அங்கிருந்து மெக்கானிக்குகளின் போன்களில் மணியடிக்கும். பக்கத்தில் இருப்பவர் ஓடுவார்.

முந்தின நாள் மதியம் ஒரு லிஃப்ட் நின்றது. உள்ளே ஓர் அம்மாள். பொத்தானை அழுத்தினார். விரல் வீங்கும்வரை அழுத்தினார். ஒரு போனிலும் மணி அடிக்கவில்லை. வெகுநேரம் கழித்து, அவர் அழுத்திய அத்தனை தடவைக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எல்லாப் போன்களும் அலறின. கையில் இருந்த போனைப் பாம்பென்று நினைத்து ஒரு மெக்கானிக் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்துவிட்டார். அந்தத் தொட்டியை நான் பார்த்தேன்.

மாட்டிக்கொண்ட அம்மாள் முதலாளியின் மாமியார்.

"கேஸ் முடிஞ்சுது," என்றேன், போகும் வழியிலேயே. "மருமகன்தான் குற்றவாளி. இதுக்கு மேல என்ன காரணம் வேணும் ஒரு மனுஷனுக்கு?"

"மாமா, அவர்தான் நம்மளக் கூப்பிட்டிருக்காரு."

"கெட்டிக்காரன் அதைத்தானம்மா செய்வான்."

அலுவலகம் நாலாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் முதலாளியுடையதுதான். அவர் செய்த முதல் லிஃப்ட். அதன் வேகத்தைப் பற்றி மிகைப்படுத்திச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு தபால்காரர் பதிவுத் தபாலோடு கீழே ஏறியவர், மேலே போய் இறங்கும்போது ஓய்வு பெற்றிருந்தார் என்று காவலாளி சொன்னார். அதை மட்டும் அப்படியே இங்கே தருகிறேன். நாங்கள் படியேறினோம்.

முதலாளி அறையில் இரண்டு பேர். ஒருவர் முதலாளி. கூண்டில் அடைபட்ட கரடி மாதிரி முகம். கையில் எப்போதும் ஒரு சாவிக்கொத்து. இன்னொருவர் மேனேஜர். முதலாளியுடைய மனைவியின் தம்பி, அதாவது மச்சான். லிஃப்ட்டில் மாட்டியது இவரைப் பெற்ற தாய்.

மேனேஜரைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அப்படி ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. டீ வந்ததும் தன் கோப்பையை என் கோப்பையோடு மாற்றிக்கொண்டார். கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்பவும் மாற்றிக்கொண்டார். சட்டைப் பையில் இருந்த போனை மூச்சுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தார்.

"கண்டுபிடிக்க இதுல என்ன இருக்கு?" என்றார் அவர். "அந்த புரோகிராமர் பொண்ணுதான். நேத்து மதியம் சாப்பிடப் போனா. அம்மா மாட்டிக்கிட்டாங்க. மணியே வரல. அவ திரும்பி வந்து, சீட்ல உக்காந்து, கம்ப்யூட்டரத் திறந்தா பாருங்க, அந்த நொடி எல்லா மணியும் அடிச்சிருக்கு. பிடிச்சு வச்சிருந்து, வந்து அவுத்து விட்டிருக்கா."

"எதுக்காக?" என்றாள் மருமகள்.

"போன வாரம் லீவு கேட்டா. நான் குடுக்கல."

"லீவு குடுக்காததுக்கு உங்க அம்மாவையா மாட்டி விடுவாங்க? உங்களையில்ல மாட்டி விட்டிருக்கணும்."

முதலாளி இருமினார். அது இருமல்தானா என்று எனக்குச் சந்தேகம். குறித்து வைத்துக்கொண்டேன், மனசுக்குள்.

"எங்கம்மாவுக்கு ரத்தக்கொதிப்பு," என்று மேனேஜர் குரலை உயர்த்தினார். "இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? சாயங்காலம் போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுக்கத்தான் போறேன். வேணும்னே ஆபத்து உண்டாக்கினாள்னு."

அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு அதன்பிறகு எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது. முதலாளிக்கும் அது தெரிந்திருந்தது. சாவிக்கொத்தை உருட்டிக்கொண்டே, "சாயங்காலம் வரைக்கும் பொறு மச்சான். இவங்க பாத்துச் சொல்லட்டும்," என்றார்.

"இதுக்கு முன்னாடி இப்படி நடந்திருக்கா?" என்று மருமகள் கேட்டாள்.

"மணி லேட்டா வருதுன்னு மெக்கானிக்குங்க அப்பப்ப சொல்லியிருக்காங்க. வேலை ஜாஸ்தியா இருக்கற நேரத்துல இல்ல. ஓஞ்சு கிடக்கற நேரத்துலதான். ஆனா நான் பாக்கறப்ப ஒரு தடவகூடத் தப்பினதில்ல. நான் பாத்தா நல்ல பிள்ளை. நான் அந்தப் பக்கம் திரும்பினா வேலையக் காட்டுது. நீங்களே சொல்லுங்க, யாரு பாக்கறான்னு மெஷினுக்கா தெரியும்? ஆளுக்குத்தான் தெரியும்."

மருமகள் டீயைக் கீழே வைத்தாள். "இதை இன்னொரு தடவ சொல்லுங்க."

"எதை?"

"நீங்க பாத்தா அடிக்குதுங்கறதை."

அவர் சொன்னார். அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் அன்றைக்கு யாரோ ஒருவருக்குச் சாப்பாடு இறங்காது.

புரோகிராமர் பெண்ணை அவள் இடத்திலேயே போய்ப் பார்த்தோம். மெலிந்த உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. காலடிச் சத்தமே கேட்காது என்பதால் அலுவலகத்தில் அவளுக்குப் பூனை என்று பெயர். அவள் அழவில்லை. அது எனக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது. அழுதிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன் என்பது வேறு விஷயம்.

"நேத்து சாப்பிட எங்க போனீங்கம்மா?" என்று நானே ஆரம்பித்தேன், மிரட்டலாக.

"மாடிப்படியில ஐயா."

"படியில எதுக்கு?"

"அங்கதான் மேனேஜர் எட்டிப் பாக்க மாட்டார்."

என் மிரட்டல் அதோடு முடிந்தது. மருமகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மணி எப்படிப் போகுதுன்னு மாமாவுக்குப் புரியற மாதிரி சொல்லும்மா."

எனக்குப் புரிகிற மாதிரி என்றால் அவளுக்கும் புரிகிற மாதிரி என்று அர்த்தம். வெளியில் சொல்ல மாட்டாள்.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரே ஒரு ஆள்னு வச்சுக்கோங்க ஐயா," என்றாள் பூனை. "அவனுக்கு முன்னாடி நூத்துக்கணக்கான கதவு. ஒவ்வொரு கதவுக்குப் பின்னாடியும் ஒரு மெக்கானிக்கோட போன். எந்தக் கதவு தட்டினாலும் போய் என்னன்னு கேப்பான், சேதி இருந்தா குடுப்பான், அடுத்ததுக்குப் போயிடுவான். எந்தக் கதவுலயும் நின்னு காத்துக்கிட்டிருக்க மாட்டான். அதான் ஒரு ஆளே போதும். இப்படிச் சுத்திச் சுத்தி வர்ற புரோகிராமுக்கு லூப்னு பேரு."

"யாருமே தட்டலைன்னா?"

"தூங்கிடுவான். கதவு தட்டற சத்தம் கேட்டாத்தான் முழிப்பான்."

"உங்க பிள்ளை மாதிரி," என்றாள் மருமகள் என்னிடம்.

"அவன் கதவைப் பேத்து எடுத்தாலும் முழிக்க மாட்டானேம்மா," என்றேன். உண்மையை உண்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

"சரி, லிஃப்ட்லேருந்து சேதி எப்படி வருது?"

பூனை மூலையில் இருந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் காட்டினாள். கொஞ்சம் துரு, நிறைய ஒயர். "எல்லா லிஃப்ட்டும் அந்தப் பெட்டியிலதான் வந்து சேரும். அது பழைய காலத்துப் பெட்டி. 'சேதி இருக்கா'ன்னு அதுகிட்ட ஒருத்தன் கேட்டா, பதில் வர்ற வரைக்கும் கேட்டவன் அங்கேயே நிக்கணும். நகர முடியாது. என் ஆள அங்க அனுப்பினா இங்க அத்தனை கதவும் அம்போ. அதனால பெட்டிக்குன்னே பின்கட்டுல இன்னொரு ஆள். கூடவே தனியா ஓடற அந்த புரோகிராமுக்கு த்ரெட்னு பேரு. பெட்டி வாயத் திறந்ததும் சேதிய வாங்கி என் ஆள்கிட்டக் குடுக்கறது மட்டும்தான் அவன் வேலை."

"ரெண்டும் நீ எழுதினதா?"

"லூப் மட்டும்தான் நான். பின்கட்டு ஆள நான் வர்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்க. நல்லா ஓடுது, கை வைக்காதேன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. பாக்கக்கூட அனுமதி இல்ல. இந்தப் பக்கம் சேதி போடறதுக்கு ஒரு கட்டளை மட்டும் எழுதிக் குடுத்தேன்."

"சேதி எல்லாம் ஒழுங்காப் போகுதான்னு பாக்கறதுக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்கே. கண்காணிப்புப் பக்கம்னு ஒண்ணு. திறந்து வச்சா அதுவா என் லூப்கிட்ட 'என்ன நிலவரம், என்ன நிலவரம்'னு கேட்டுக்கிட்டே இருக்கும். எந்திரிச்சுப் போறப்ப நான் மூடிட்டுப் போயிடுவேன். மேனேஜர் தூங்கற நேரம் தவிர, அவர் போன்ல அது எப்பவும் திறந்தே இருக்கும்."

மருமகள் என் பக்கம் திரும்பினாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். "மாமா, அந்தப் பையில இருந்து எனக்கு ஒரு பிஸ்கட் எடுங்க," என்றாள். புத்தி வேகமாக ஓடினால் அவளுக்குப் பசிக்கும்.

அடுத்து அந்த அம்மாள். மகன் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், சாட்சி சொல்லத் தானே கிளம்பி வந்து மீட்டிங் அறையில் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் குரலைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். அவர் "வாங்க" என்றார். எதிர்க்கட்டடத்துக் கூரையில் இருந்த புறாக்கள் வேறு வட்டாரத்துக்குக் குடிபோய்விட்டன.

"அம்மா, உங்க மாப்பிள்ளை மேல உங்களுக்கு ஏதாவது..." என்று நான் இழுத்தேன்.

"அவருக்கு அவ்வளவு தைரியம் கிடையாது," என்றார்.

என் முதல் குற்றவாளி தப்பித்துவிட்டார்.

மருமகள் கேட்டது வேறு. "நீங்க பொத்தான அழுத்தினப்ப, பக்கத்துல சின்னதா ஒரு விளக்கு எரிஞ்சுதா?"

"ஒவ்வொரு தடவையும் எரிஞ்சுதும்மா. பச்சை விளக்கு. அதான் இன்னிக்கு வருவான் நாளைக்கு வருவான்னு நம்பி அழுத்திக்கிட்டே இருந்தேன்."

விளக்கு எரிந்தால் சேதி பெட்டிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பெட்டியிலிருந்து போனுக்குப் போகிற வழியில்தான் எங்கோ செத்திருக்கிறது.

"அந்த நேரத்துல உங்க பையன் எங்க இருந்தாரு?"

"பல் டாக்டர்கிட்ட. வாயத் திறந்து வச்சு ஏதோ பண்ணியிருக்காங்க. போனை வெளியில உக்காந்திருந்த பொண்ணு வாங்கி அணைச்சு வச்சிட்டாளாம். பல்லப் பிடுங்கினதைக்கூடப் பொறுத்துக்கிட்டான். போனப் பிடுங்கினதச் சொல்லிச் சொல்லி இன்னும் புலம்பறான்."

எனக்குப் புதிய சந்தேகம் முளைத்தது. பெற்ற தாய் லிஃப்ட்டுக்குள்; மகன் போனை அணைத்துவிட்டு வசதியாகப் பல் பிடுங்கிக்கொள்கிறான். சொத்து, உயில் என்று நான் ஒரு கதையைப் பின்னிக்கொண்டு வெளியே வந்து மருமகளிடம் சொன்னேன்.

"மாமா, உயில் எழுத வேண்டிய அம்மாவோட பல்லு ஒவ்வொண்ணும் கருங்கல்லு மாதிரி இருக்கு. உள்ள போய்ட்டு வெளிய வந்தப்ப அந்த லிஃப்ட்தான் இளைச்சுப் போயிருந்திச்சாம். வாங்க, ஒரு சோதனை பண்ணிடுவோம்."

மதியம். நேற்று நடந்த அதே ஓய்ந்த நேரம். மெக்கானிக்குகள் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு எங்கெங்கோ கண்ணயர்ந்து கிடப்பார்கள். மேஜைமேல் ஒரு மெக்கானிக்கின் போனை வைத்துவிட்டுச் சுற்றி நின்றோம். முதலாளி தன் சாவியோடு போய், இந்தக் கட்டடத்து லிஃப்ட்டை நிறுத்தி, பொத்தானை அழுத்தினார்.

உடனே மணி அடித்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று மேனேஜர் குதித்தார். "நாம எல்லாரும் பாக்கறோம்னு கைய மடக்கிக்கிட்டு நிக்கறா. அதான் அடிக்குது. இத விட என்ன சாட்சி வேணும்?"

பூனையின் முகம் வெளுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால், எனக்கே அவள்மேல் கொஞ்சம் ஐயம் வந்தது.

"இன்னொரு தடவ பண்ணிடுவோம்," என்றாள் மருமகள் சாவகாசமாக. "இந்தத் தடவ நீங்க உள்ள போங்க."

"நானா? எதுக்கு?"

"வேற யாரு அழுத்தினாலும் ஒழுங்கா அழுத்தலைன்னு சொல்வீங்களே."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. கிளம்பினார்.

"போனக் குடுத்துட்டுப் போங்க."

"போனையா?"

"உங்க அம்மா எப்படி மாட்டினாங்களோ அப்படியே நீங்களும் மாட்டினாத்தான் சோதனை. அவங்ககிட்டப் போன் இல்லையே."

சிறுநீரகத்தைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி கொடுத்தார். கொடுத்துவிட்டு, என் கையை ஒருமுறை, முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார். முதலாளி அவரை லிஃப்ட்டில் ஏற்றி, இரண்டு மாடிக்கு நடுவில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

மருமகள் அலுவலகத்தில் திறந்திருந்த கண்காணிப்புப் பக்கம் எல்லாவற்றையும் மூட வைத்தாள். என்னிடம், "அந்தப் போன அணைச்சிடுங்க மாமா," என்றாள். அணைத்தேன். பூனையை மீட்டிங் அறைக்குள் அனுப்பி, அம்மாள் பக்கத்தில் உட்கார வைத்து, ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்து உரிக்கச் சொன்னாள். அம்மாள் பழத்தை ஒரு கையால் உரித்தார். இன்னொரு கையால் பூனையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடியிலிருந்து ஒரு காளை மாடு நழுவி வந்தாலும் நான் நம்ப மாட்டேன்.

காத்திருந்தோம்.

போன் வாயைத் திறக்கவில்லை. தூரத்தில், சுவருக்குள்ளிருந்து 'டொக் டொக்' என்று ஒரு சத்தம். மேனேஜர் லிஃப்ட்டின் கதவைத் தட்டுகிறார். பொத்தானை அழுத்தி அலுத்துவிட்டார் போல. மேஜைமேல் போன் மீன் மாதிரி மௌனமாகக் கிடந்தது.

முதலாளிக்கு வியர்த்தது. "என்னங்க இது... இப்பதானே அடிச்சுது."

"இப்ப யாரு பிடிச்சு வச்சிருக்கா?" என்று மருமகள் கேட்டாள். "அந்தப் பொண்ணு கையில ஆரஞ்சு. உங்க மாமியார் கையில அந்தப் பொண்ணு. மாமா, நீங்க போய் அவ சீட்ல உக்காருங்க. அந்தப் பக்கத்தைத் திறங்க. வேற ஒண்ணையும் தொடாதீங்க. சும்மா பாருங்க, போதும்."

உட்கார்ந்தேன். திறந்தேன். பார்த்தேன்.

மேஜைமேல் இருந்த போன் எகிறிக் குதித்தது. ட்ரிங், ட்ரிங், ட்ரிங் என்று மூச்சு விடாமல், மேனேஜர் அழுத்திய அத்தனை மணியும் ஒன்றன் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு வந்து விழுந்தன. கதவருகே தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து, பேயைக் கண்டவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"நேத்து அவ இதைத்தான் செஞ்சா," என்றாள் மருமகள். "வந்தா, உக்காந்தா, பக்கத்தைத் திறந்தா. இப்ப எங்க மாமாவும் செஞ்சிட்டாரு. ரெண்டு பேர் மேலயும் சேத்துப் புகார் குடுப்பாரா உங்க மச்சான்?"

"எனக்கு ஜாமீன் யாரும்மா எடுப்பா?" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நேரம் அப்படி.

முதலாளி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப யாருதான் செஞ்சது?"

மருமகள் பூனையை வெளியே கூப்பிட்டாள். "பின்கட்டு ஆளு சேதிய எப்படிக் குடுக்கறான்னு நீ பாத்ததில்ல. இப்ப முதலாளி முன்னாடியே பாரு."

முதலாளி தலையசைத்தார். பூனை உட்கார்ந்து அந்தப் பழைய புரோகிராமைத் திறந்தாள். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தாள். படித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் நின்றாள். நின்றவள் வாயிலிருந்து, "அடப்பாவி" என்று ஒரு சொல் வந்தது. அது வரைக்கும் அவள் யாரையும் திட்டி அந்த அலுவலகம் கேட்டதில்லையாம்.

"என்னம்மா?" என்றேன்.

"பின்பக்கமா வந்து, சேதிய என் ஆள் மேஜைமேல வச்சிட்டுப் போயிடறான் ஐயா. அவ்வளவுதான். அவன எழுப்பல. தோளத் தொடல. கதவத் தட்டல. என் ஆள் காது முழுக்க முன்கதவு மேல. மேஜையில சேதி மலையாக் குவிஞ்சாலும் அவனுக்குத் தெரியாது. யாராவது ஒரு கதவத் தட்டினாத்தான் முழிப்பான். முழிச்சுப் பாத்தா மேஜை நிறைய சேதி. எல்லாத்தையும் ஒரே நேரத்துல அள்ளிப் போடுவான்."

"வேலை ஜாஸ்தியா இருக்கற நேரத்துல..."

"மெக்கானிக்குங்க 'வந்துட்டேன்', 'முடிச்சிட்டேன்'னு போன்ல ஏதாவது அனுப்பிக்கிட்டே இருப்பாங்க. எல்லாம் கதவு தட்டறதுதான். அவன் தூங்கவே மாட்டான். ஓஞ்ச நேரத்துலதான் தூங்குவான்."

"அப்புறம் மேனேஜர் பாக்கற நேரத்துல," என்று மருமகள் முடித்தாள். "'என்ன நிலவரம்'னு அந்தப் பக்கம் கேக்கறதும் கதவத் தட்டறதுதான். அவர் பார்வைதான் தட்டல். சட்டைப் பையில போன வச்சுக்கிட்டு, பகல் முழுக்க உன் ஆளத் தூங்க விடாம தட்டிக்கிட்டே இருந்திருக்காரு. இந்தக் கம்பெனிய இத்தனை நாள் ஓட்டினது அவரோட சந்தேகம்தான். நேத்து ஒரு மதியம் பல் டாக்டர் அதைப் பிடுங்கி வச்சாரு. அவர் அம்மா மாட்டிக்கிட்டாங்க."

நான் பல துப்பறியும் தருணங்களைப் பார்த்தவன். ஆனால் ஒரு மனிதன் சந்தேகப்பட்டே ஒரு குற்றத்தை மறைத்துக்கொண்டிருந்தான் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"இதுல எழுப்பறதுக்கு வழியே இல்லையா?" என்றார் முதலாளி.

"அதுக்குத்தான் கட்டளை எழுதிக் குடுத்தேன் சார். பின்கட்டுலேருந்து வர்றவன் அதைச் சொன்னாப் போதும். சேதியையும் வைக்கும், இவனையும் உலுக்கிவிடும். அப்பவே சொன்னேன். 'உலுக்க என்ன இருக்கு, மேஜையில வச்சாப் போதும், நான் சோதிச்சுப் பாத்துட்டேன், ஓடுது'ன்னு சொல்லிட்டாங்க."

"யாரு சொன்னா?"

பூனை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். முதலாளி சாவிக்கொத்தை உருட்டுவதை நிறுத்திவிட்டார். அவர் முகத்தில் என்னமோ மெல்ல உதயமானது. கரடிக்குத் தேன்கூடு தெரிந்த மாதிரி.

"இந்தப் பெட்டி வந்த புதுசுல," என்றார் நிதானமாக, "இங்க ஒரே ஒரு கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளுதான் இருந்தான். அவனை அப்புறமாத்தான் மேனேஜராக்கினேன்."

எல்லாரும் லிஃப்ட் இருக்கிற சுவர்ப் பக்கம் திரும்பினோம். டொக், டொக்.

"சோதிச்சுப் பாத்தானாமே, அப்ப எப்படிடீ ஓடிச்சு?" என்று அம்மாள் மீட்டிங் அறை வாசலிலிருந்து கேட்டார். கையில் உரித்த ஆரஞ்சு.

"கண்காணிப்புப் பக்கத்தத் திறந்து வச்சுக்கிட்டுச் சோதிச்சிருப்பாரும்மா," என்றாள் பூனை. "அவர் எப்ப மூடியிருக்காரு?"

"இப்ப நீ சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"ஒரு வரிதாம்மா."

ஒரு வரியை மாற்றினாள். நான் எட்டிப் பார்த்தேன். மாற்றிய வரி மாற்றாத வரியைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் மூடினாள்.

"யாரும் பாக்கக் கூடாது," என்று அம்மாள் உத்தரவு போட்டார். "எல்லாரும் சுவத்துப் பக்கம் திரும்புங்க."

கண்காணிப்புப் பக்கத்தை மூடினாலே போதும், ஆட்கள் திரும்ப வேண்டியதில்லை என்று பூனை சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. திரும்பினோம். முதலாளி, மருமகள், பூனை, காவலாளி, நான், எல்லாரும் தண்டனை வாங்கிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சுவரோடு மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். நான் ஒரு கண்ணைத் திருப்பலாமா என்று பார்த்தேன். "ஐயா," என்றார் அம்மாள். திருப்பவில்லை.

உள்ளே இருந்தவர் நம்பிக்கை இழந்து அழுத்துவதையே விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அப்போது மேஜைமேல் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை. நன்றாக, தெளிவாக.

முதலாளி திரும்பி, சாவியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினார். அம்மாள் குறுக்கே கையை நீட்டினார்.

"என்ன அவசரம் மாப்பிள்ளை? முதல்ல இந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்லப் போறான்னு உள்ள இருந்து யோசிக்கட்டும். நீங்க டீ சொல்லுங்க."

மாமியார் சொல்லைத் தட்டும் தைரியம் அவருக்குக் கிடையாது என்பதை அம்மாள் முன்பே சொல்லிவிட்டார். டீ வந்தது. நிதானமாகக் குடித்தோம். அந்தக் கட்டடத்தில் நான் குடித்ததிலேயே நல்ல டீ அதுதான். ஒருத்தரும் என் கோப்பையை மாற்றவில்லை.

மேனேஜர் வெளியே வந்தபோது தலைமுடி கலைந்து, டை முதுகுப் பக்கம் போயிருந்தது. முதலாளி வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டிருக்க வேண்டும். நேரே வந்து பூனையின் மேஜை முன்னால் நின்றார். மாற்றிய வரியைப் பார்த்தார். மாற்றுவதற்கு முன்னால் இருந்த வரியையும் பார்த்தார்; அது தன் கைவேலை என்று கண்டுகொண்டார் போலும்.

பிறகு கேட்டார்: "யாருமே பாக்காதப்ப அடிச்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"சார்," என்றாள் பூனை, "நீங்க வெளிய வந்துட்டீங்களே."

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். போன் என்னிடம் இருந்தது. நீட்டினேன். வாங்கினார். வழக்கமாகச் செய்வது போல விரல் அந்தக் கண்காணிப்புப் பக்கத்துக்குப் போயிற்று; அங்கேயே நின்றது. அம்மாள் ஒரு தொண்டைக் கனைப்புச் செய்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேனேஜர் போனை அப்படியே பைக்குள் போட்டுக்கொண்டார்.

"புகார் கிடையாது," என்றார் தரையைப் பார்த்து. "தப்பு என்னோடது. எழுதினவன் நான். உன் பேர நான் கெடுக்கப் பாத்தேன்." பிறகு, பல் போன இடத்தை நாக்கால் தொட்டுக்கொண்டு, "லீவு எத்தனை நாள் வேணும்?" என்றார்.

பூனை அப்போதுதான் அழுதாள்.

மருமகளும் நானும் படியிறங்கி வந்தோம். பை என் தோளில், பிஸ்கட் அவள் கையில். "ஆரம்பத்துல முதலாளிதான்னு சொன்னீங்க, அப்புறம் அந்தப் பொண்ணுன்னீங்க, அப்புறம் மேனேஜர்னீங்க," என்று அவள் என்னைச் சீண்டினாள். "மூணுல ஒண்ணு சரியாப் போச்சே," என்றேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மாமனாரும் மருமகளும் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதை எதிரே ஏறி வந்த ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

என் ஒரே பிள்ளைக்கு நாங்கள் இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.